படம் ஒட்டிய பொத்தான்

பொத்தான் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சட்டைப் பொத்தான்தான். அறுந்து விழுந்தால் அம்மா தைத்துக் கொடுப்பாள். விஷயம் அதோடு தீர்ந்தது. பிறகு வாசல் மணிக்குப் பொத்தான் வந்தது, லிப்டுக்குப் பொத்தான் வந்தது. கடைசியில் கண்ணாடித் திரைக்குள்ளே தட்டையாகக் கிடந்துகொண்டு, அமுக்கினால் அமுங்குவதுபோல் பாசாங்கு செய்கிற பொத்தானும் வந்துவிட்டது. இந்தக் கடைசி ரகத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதுவும் பொத்தானைப் பற்றிக்கூட அல்ல; அதன்மேல் இருக்கிற படத்தைப் பற்றி.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படத்துக்கும் எனக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. நாவலை நான் எழுதுகிறேன். அட்டைப் படத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். 60 வயதுக் கைம்பெண் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து நான் எழுதிய நாவலுக்கு, தலைகொள்ளாத மல்லிகைப் பூவோடு ஒரு சின்னப் பெண் அட்டையில் வந்து நின்றாள். கேட்டதற்கு, "அட்டை வாங்குகிறவருக்கு ஸார், உள்ளே இருப்பதுதான் படிக்கிறவருக்கு" என்று பதில் வந்தது. கோபம் வந்தது என்றாலும், அந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே பட்டது. படம் யாருக்குச் சொந்தம்? வரைந்தவனுக்கா, ஒட்டினவனுக்கா, பார்க்கிறவனுக்கா? நெய்வேலிப் பக்கத்தில் ஒரு லாரி எடை மேடையில் இந்தக் கேள்வி மறுபடியும் எதிரே வந்தது.

நெய்வேலியில் என் அக்காவைக் கொடுத்திருக்கிறது. முந்திரியும் பலாவும் விளைகிற செம்மண் பூமி அது. 1957-ம் வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. அந்த நிலையம் 600 மெகாவாட் வரைக்கும் வளர்ந்து, ஓயாமல் உழைத்து, 2020-ல் மூடப்பட்டது. அத்தான் கடைசி நாள் வரை அதில் இருந்தவர். இப்போது வேறு நிலையத்தில் இருக்கிறார். பழைய நிலையத்தின் பேச்சை எடுத்தால், வீட்டில் வளர்த்த பசு செத்துப்போனதைச் சொல்லுகிறவர் மாதிரி அவர் குரல் இறங்கிவிடும்.

டவுன்ஷிப்புக்கு முதல் தடவையாக வருகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு தெரு முழுக்க வீடுகள் ஒரே மாதிரி. பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் தெரியாவிட்டால், அக்கா வீடு என்று நினைத்துக்கொண்டு யார் வீட்டுச் சமையலறையிலாவது போய் நின்று, "காப்பி இருக்கா?" என்று கேட்டுவிடக் கூடும். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். ஆனால் பெயர்ப் பலகை மாட்டுகிற இடத்தை மட்டும் கட்டினவர்கள் காலியாக விட்டிருக்கிறார்கள். அதில் யார் பெயர் என்பது குடி வருகிறவர் சமாசாரம். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அக்காள் மகனுக்கு 24 வயது. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, சென்னைக்கும் போகாமல், பெங்களூருக்கும் போகாமல், வீட்டிலேயே உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறான். உரக்கடைக்கு இருப்புக் கணக்கு, கல்யாண மண்டபத்துக்கு ரசீது, இந்த மாதிரி. "உள்ளூரிலே என்னடா மாப்பிள்ளே வேலை?" என்று கேட்டால், "உள்ளூரிலேதான் மாமா வேலை" என்பான். அவனுக்கு மந்தாரக்குப்பம் போகிற வழியில் ஒரு தனியார் எடை மேடையிலிருந்து ஒரு வேலை வந்தது.

எடை மேடையைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்பு மேடை. அதற்கு அடியில் எடையை உணர்கிற 'லோடு செல்'கள். லாரி ஏறி நின்றால், பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியில் கிலோக் கணக்கு சிவப்பு எழுத்தில் ஓடி நிற்கும். லாரி காலியாக வரும்போது ஒரு தடவை நிறுப்பார்கள். சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு தடவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கின் நிகர எடை. நிலக்கரி எரிந்த சாம்பலில் செங்கல் அறுக்கிற சூளையில்லாத செங்கல் பட்டறைகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. சாம்பலும் செங்கலும் மணலும் ஏற்றிய லாரிகள் பகலும் இரவும் அங்கே வந்து போகும். நிறுத்துச் சீட்டு வாங்காமல் எதுவும் நகராது.

பகலில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பெரியவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த குடும்பம். ஊர் போன பிறகு ஒப்பந்த வேலை, செக்யூரிட்டி வேலை என்று சுற்றிவிட்டு, வயது ஏறின காலத்தில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். தமிழ் நன்றாகப் படிப்பார். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால், நெடுநாள் கடன் வைத்திருக்கிற ஆளைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரவில் உட்காருகிறவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது.

"தமிழிலே எழுதிவிட்டால் போச்சு, இதற்குப் படம் எதற்கு?" என்று நான் முதலில் சொன்னேன். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் வேறு என்ன சொல்வான்? "ராத்திரி யார் மாமா படிச்சுச் சொல்றது?" என்றான் பையன். நியாயந்தான். இரண்டு பேர், இரண்டு எழுத்து, ஒரு திரை. படம்தான் வழி.

அவன் வேலை செய்கிற சாதனத்துக்கு டபிள்யூ.பி.எஃப். என்று பெயர். மைக்ரோஸாப்ட் கம்பெனி 2006-ல் வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஜன்னலும் பொத்தானும் அமைக்க உதவுவது. அதில் தயாராகக் கிடைக்கிற பொத்தான் பையனுக்குப் போதவில்லை. அவனுக்கு மேலே படம், நடுவில் ஒரு சொல், கீழே அப்போதைய எடை என்று மூன்றும் சேர்ந்த பொத்தான் வேண்டும். அதனால் சொந்தமாக ஒன்று செய்தான். இப்படிச் செய்வதைக் 'கஸ்டம் கன்ட்ரோல்' என்கிறார்கள். தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் கடையில் தொங்குகிற சட்டையை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பொத்தானுக்கு 'டெம்ப்ளேட்' என்று ஒரு வரைபடம் உண்டு. பையன் முதல் நாள் லாரிப் படத்தை வரைபடத்துக்குள்ளேயே வைத்துவிட்டான். திரையில் நாலு பொத்தான் போட்டால், நாலிலும் அதே லாரி! உள்ளே வருகிற லாரிக்கும் லாரி, வெளியே போகிறதற்கும் லாரி, சீட்டு அச்சடிக்கவும் லாரி, சேமித்து வைக்கவும் லாரி. வரிசை வீட்டைக் கட்டுகிறவர் தம் பெயரையே எல்லா வாசலிலும் செதுக்கிவிட்ட மாதிரி. வரைபடத்தில் படம் இருக்கக் கூடாது. படம் வருவதற்கான இடம்தான் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் 'பிராப்பர்டி' என்று பெயர். பொத்தானைச் செய்தவன் இடத்தை அறிவிக்கிறான். பொத்தானை உபயோகிக்கிறவன் அதில் இந்தப் படம், அதில் அந்தப் படம் என்று நிரப்புகிறான். பெயர்ப் பலகைதான், வேறொன்றுமில்லை.

ஆனால் இடத்தை விடுவதிலும் ஒரு தினுசு இருக்கிறதாம். சாதாரணமாக விட்ட இடம் ஒரு பெட்டி மாதிரி; வைத்ததை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேறொரு இடத்தில் விவரம் மாறினால் அதற்குத் தெரியாது. வேறொன்றோடு கட்டி வைத்து, அது மாறினால் இதுவும் மாற வேண்டும் என்றால், 'டிபென்டென்ஸி பிராப்பர்டி' என்ற உயர்ந்த ரகமாக அதைப் பதிவு செய்ய வேண்டும். கட்டாமல் விட்ட மாட்டுக்கும் கயிற்றில் கட்டின மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. கட்டினதுதான் இழுத்தால் வரும்.

இன்னொன்று. அந்த இடத்தில் வைக்கப்போவது படமா, படம் இருக்கும் விலாசமா? பையன் முதலில் விலாசம் என்று பதிவு செய்திருந்தான். விலாசம் வெறும் எழுத்து. டெம்ப்ளேட்டுக்குள் படம் காட்டுகிற சட்டம் கேட்பது படத்தை. இரண்டையும் இணைக்க அவன் போட்ட குறுக்குவழிக் கட்டு, எழுத்தைப் படமாக மாற்றிக்கொடுக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்ளாத வகை. விளைவு: படமும் வரவில்லை, பிழை என்று ஒரு சத்தமும் வரவில்லை. கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருந்தும் பதில் சொல்லாத வீடு மாதிரி இருந்ததாம். அரை நாள் போயிற்று. கடைசியில் 'இமேஜ் ஸோர்ஸ்', அதாவது படம்தான் என்று இனத்தை மாற்றிப் பதிவு செய்ததும் லாரிகள் வந்துவிட்டன. அக்கா ஒரு வெங்காய பஜ்ஜியைத் திரைக்கு எதிரே நீட்டி, "இதையும் போடேன் உன் பொத்தானிலே" என்றாள். அந்த வீட்டில் கேலிக்குக் குறைவில்லை.

புரோகிராமைக் கொண்டுபோய் எடை மேடைக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் போன். "தம்பி, நாலு ஜன்னலும் மூடிக் கிடக்குது!" என்றார் பெரியவர். பொத்தான்கள் இருக்கின்றன, படம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அட்டகாசமாக நின்ற லாரிகள் மூன்று மைல் தூரத்தில் காணாமற் போய்விட்டன.

காரணம் ரொம்ப எளிது. படங்களின் விலாசங்களை ஒரு பட்டியலில் எழுதிப் பொத்தான்களோடு கட்டி வைத்திருந்தான். அந்த விலாசம் அவன் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டரின் 'டி' டிரைவில் ஓர் அறை. எடை மேடைக் கம்ப்யூட்டரில் 'டி' டிரைவே கிடையாது. "எங்க வீட்டுப் பரண்மேலே இருக்கிற அண்டாவிலே தண்ணி எடுத்துக்குங்க" என்று வெளியூர்க்காரரிடம் சொன்னதுபோல் ஆயிற்று. இப்படிக் கட்டின படம் கிடைக்காவிட்டால் புரோகிராம் நின்றுகூடப் போகாது. வெறும் இடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். எழுதுகிறவனுடைய மேஜையில் மட்டும், அவன் தேடிப் பார்த்தால் தெரிகிற ஒரு மூலையில், ஒரு வரி முணுமுணுக்கும்.

படத்தைப் புரோகிராமின் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட வேண்டும். 'ரிஸோர்ஸ்' என்று குறித்தால் போதும். பிறகு புரோகிராம் போகிற ஊருக்கெல்லாம் படமும் கூடவே போகும். அப்படி உள்ளே வைத்த படத்துக்கு ஒரு விசேஷ விலாசம் உண்டு: 'பேக்' என்று ஆரம்பித்து, நடுவில் அடுத்தடுத்து மூன்று காற்புள்ளிகள் வரும். நான் ஒரு வாக்கியத்தில் மூன்று காற்புள்ளியைச் சேர்ந்தாற்போல் போட்டால் என் புரூப் திருத்துகிறவர் எனக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லிவிடுவார். இங்கே ஒன்று குறைந்தாலும் படம் வராது. சாய்கோடு போட முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக நிற்கிற காற்புள்ளிகளாம் அவை.

1991-ல் வந்த விஷுவல் பேஸிக்கில் இந்தத் தொல்லை இருந்ததில்லை என்று, கம்ப்யூட்டரில் எனக்கு மூத்த பரிச்சயமுள்ள ஒரு நண்பர் சொன்னார். பட்டியலில் 'பிக்சர்' என்ற வரியைத் தொட்டு, படத்தைக் காட்டினால் போதும். அது படத்தை விழுங்கித் தன்னோடு வைத்துக்கொள்ளும். புதியது சுதந்திரம் நிறையத் தருகிறது. அதோடு, முன்பு யாரோ நமக்காகச் செய்துகொண்டிருந்த வேலையையும் நம் கையில் தந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போனவர்களுக்கு இது புதிதல்ல.

படங்கள் திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் விபரீதம்.

அன்று இரவு ஒரு லாரி காலியாக வந்தது, 10,240 கிலோ. செங்கல் ஏற்றிக்கொண்டு திரும்பியது; 26,180 கிலோ. நிகர எடை 15,940 என்று சீட்டு வர வேண்டும். வந்த சீட்டில் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது. இரவுப் பையன் உள்ளே வருவதற்கு வெளியே போகிற பொத்தானையும், வெளியே போவதற்கு உள்ளே வருகிறதையும் அமுக்கியிருக்கிறான். கழித்தல் வந்தால் நிறுத்து என்று புரோகிராமில் அன்றைக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை, மறுநாள்தான் சேர்த்தான். கழித்தல் குறி போட்ட சீட்டை வைத்துக்கொண்டு வழியில் எந்தச் சோதனையையும் தாண்ட முடியாது. மேடையின் சொந்தக்காரர் காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடும் வரை, புதுச்சேரிக்குப் போக வேண்டிய லாரி அங்கேயே நின்றது. டிரைவருக்கு அந்த நடையும் போயிற்று, அதற்குண்டான பேட்டாவும் போயிற்று. இரவுப் பையனுக்கு அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வதாக ஒரு பேச்சு எழுந்தது.

நானும் பையனுடன் போயிருந்தேன். டிரைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார். இரவுப் பையன் திரையின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "படம் பாத்துத்தான் அண்ணா அமுக்கினேன். படம் பாத்துத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் சொன்னது நிஜம். எங்கள் பையன் இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட படத்தில், உள்ளே வருகிற லாரியின் மூக்கு இடது பக்கம் பார்த்தது. வெளியே போகிற லாரியின் மூக்கு வலது பக்கம். அவனுக்கு அது தோதாகப் பட்டது. அந்த அறையின் ஜன்னலில் நின்று பார்த்தால், சாலை இடது கைப்பக்கம்; பட்டறைகள் வலது கைப்பக்கம். உள்ளே வருகிற லாரி எல்லாம் மூக்கை வலது பக்கம் நீட்டிக்கொண்டுதான் வரும். திரையில் இருந்த படமும் ஜன்னலில் இருந்த உலகமும் ஒன்றுக்கொன்று புறங்காட்டி நின்றன. இரவுப் பையன் ஜன்னலைப் பார்த்தான், பிறகு படத்தைப் பார்த்தான், சரியாகத்தான் அமுக்கினான்.

"அப்போ பகலிலே உங்களுக்கு எப்படி ஐயா தப்பு வரலே?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"நான் படத்தைப் பாக்கறதில்லீங்க. மொத நாள் படம் இல்லாமலே பழகிட்டேன். மேலே இருக்கிறது வரவு, கீழே இருக்கிறது போக்கு" என்றார். பிறகு மெதுவாக, "படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த மூஞ்சி நீட்டின லாரி நம்ம பக்கத்திலே ஓடறதில்லே" என்று சேர்த்துக்கொண்டார். உண்மைதான். அது அமெரிக்க லாரி.

அதோடு விடவில்லை. அச்சு இயந்திரத்தின் படத்தைக் காட்டி, "இது என்ன, இட்டிலிக் குண்டானா?" என்றார். சேமிக்கிற பொத்தானில் இருந்த சதுரத்தைக் காட்டி, "இது?" என்றார். அது பிளாப்பி. எங்கள் பையன் அதைக் கையால் தொட்டதே கிடையாது. 1981-ல் ஸோனி கம்பெனி கொண்டுவந்த மூன்றரை அங்குலத் தகடு. அந்தக் கம்பெனியே 2011-ல் அதை விற்பதை நிறுத்திவிட்டது. பொருள் செத்துப்போய், அதன் படம் மட்டும் உலகத்துப் பொத்தான்களிலெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு அது தகடு; அடுத்த தலைமுறைக்குச் சேமிப்பு என்ற எழுத்து. பெரியவருக்கு இரண்டுமில்லை.

இந்தச் சின்னப் படங்களின் கதை பழையதுதான். 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் 'ஸ்டார்' கம்ப்யூட்டரில், ஆபீஸ் மேஜைமேல் இருக்கிற காகிதம், கோப்பு எல்லாம் படமாக வந்தன. 1984-ல் வந்த மக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு சூசன் கேர் என்ற பெண்மணி கட்டம் போட்ட காகிதத்தில் படங்கள் வரைந்தார். 32-க்கு 32 கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. புள்ளி கறுப்பு அல்லது வெள்ளை. நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் இதில் என்ன ஆச்சரியம் என்பார்கள். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கப் போகிறவர்கள் யாவரும் மேஜை நாற்காலி ஆபீஸில் உட்கார்ந்து பழகினவர்கள் என்று ஒரு நினைப்பு அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. தரையோடு கிடக்கிற இரும்பு மேடையில் லாரி நிறுக்கிறவரை அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

பெரியவர்தான் வழியும் சொன்னார். "ஏன் தம்பி, ஓட்டு மிஷின்லே பட்டன் மேலேயா படம் இருக்குது? பக்கத்திலேதானே ஒட்டறாங்க? அந்தந்த ஊருக்கு அந்தந்தப் படம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலின்போது இந்த தேசத்தில் நூற்றுக்குப் பதினெட்டு பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின்மேல் அவருடைய சின்னம் என்று வைத்தார்கள். 1982-ல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் மின்னணு இயந்திரம் முதன்முதலில் வந்தபோதும், பொத்தானுக்கு எண்தான் தெரியும். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான். யார் யார் நிற்கிறார்கள் என்று முடிவான பிறகு, பெயரும் சின்னமும் அச்சடித்த தாளை அதன் பக்கத்தில் கண்ணாடித் தகட்டுக்குக் கீழே செருகுகிறார்கள். 2013-லிருந்து வந்த, சீட்டுக் காட்டுகிற பெட்டிக்குச் சின்னங்களைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு தனியாக ஏற்றுகிறார்கள். இயந்திரம் செய்கிற தொழிற்சாலைக்குச் சின்னத்தைப் பற்றிக் கவலை இல்லை, கவலைப்படவும் கூடாது. எங்கள் பையன் பெயர்ப் பலகைக்கு இடம் விட்டதோடு நிற்காமல், பலகையிலும் தானே எழுதிவிட்டான். அதுதான் பெரியவர் கண்டுபிடித்த குற்றம்.

அப்படியானால் படம் மறுபடியும் வெளியேயா? வெளியே வைத்தால் காணாமற் போகிறது; உள்ளே வைத்தால் மாற்ற முடியவில்லை. இரண்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று நான் விழித்தேன். அதற்கும் அந்தச் சாதனத்திலேயே சட்டம் இருக்கிறது. இடத்தைப் பதிவு செய்யும்போதே, யாரும் ஒன்றும் வைக்காவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு படத்தைச் சொல்லி வைக்கலாம். அது எல்லாவற்றிலும் பலம் குறைந்தது. அலங்கார விதியில் ஒன்று சொன்னால் அது முதலாவதைத் தள்ளிவிடும். அந்தப் பொத்தானுக்கென்றே நேரில் வைத்த படம் வந்தால் மற்ற இரண்டும் வாயைத் திறக்காது. ஊரில் வழக்கம், வீட்டில் வழக்கம், அம்மா சொன்னது என்று ஒன்றையொன்று வெல்வதில்லையா, அப்படி. உள்ளே வைத்த படம் துணைக்கு இருக்கும். அந்த அறைக்காரர் தாமே ஒன்று வைத்தால் அதுதான் செல்லும்.

பெரியவர் தம் கைப்போனில் இரண்டு படம் எடுத்தார். ஒன்று காலி லாரி. இன்னொன்று செங்கல் அடுக்கின லாரி. இரண்டுக்கும் மூக்கு எந்தப் பக்கம் என்ற தகராறே இல்லை. காலியாக இருந்தால் வரவு, நிரம்பியிருந்தால் போக்கு. பையன் இரண்டு இரவு யோசித்து அம்புக்குறி, வர்ணம் என்றெல்லாம் போட்டுப் பார்த்த காரியம் அது.

கைப்போன் படத்தை அப்படியே போட்டால் திரை திணறியது. அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000. புள்ளிக்கு நாலு பைட். ஒரு படத்துக்கு நாலு கோடியே எண்பது லட்சம் பைட் ஞாபகசக்தி, கட்டை விரல் அளவுப் பொத்தானுக்கு! குருவி உட்காரத் தேர் கொண்டுவந்த மாதிரி. விரித்துப் படிக்கும்போதே 96 புள்ளி அகலத்துக்குப் படி என்று ஒரு வரி சேர்த்ததும், படத்துக்கு 27,648 பைட்டில் விஷயம் முடிந்தது. இன்னொரு தொல்லை: பெரியவர் ஒரு படத்தை மாற்ற முயன்றால், பழைய படக் கோப்பைப் புரோகிராம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. படித்தவுடன் முழுக்க ஏற்றிக்கொண்டு கோப்பை விட்டுவிடு என்று அதற்கும் ஒரு வரி. மேடையில் லாரி இல்லாதபோது பொத்தான் தூங்க வேண்டும். சொல் மங்கியது; படம் மட்டும் பளிச்சென்று முழித்துக்கொண்டிருந்தது. படம் தானாக மங்காதாம். மங்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒரே மாலையில் முடிந்தன. சுருக்கமாகச் சொல்லுகிறேன், அவன் சுருக்கமாகச் செய்யவில்லை.

இரவுப் பையனுக்குக் கூலி பிடிக்கவில்லை. பெரியவர் சொந்தக்காரரிடம் போய், "படம் பொய் சொல்லிச்சுங்க, பையன் சொல்லலே" என்று ஒரே வரியில் வாதாடினாராம். டிரைவருக்குப் போன பேட்டா போனதுதான். எங்கள் பையன் தன் கூலியிலிருந்து கொடுக்கப் போனான், அவர் வாங்கவில்லை. "அடுத்த தடவை சீக்கிரம் அனுப்பு தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

போன மாதம் அந்த மேடைக்கு டிராக்டர்களும் வர ஆரம்பித்தன. ஐந்தாவதாக ஒரு பொத்தானுக்குப் பையன் இடம் விட்டு வைத்திருந்தான். அவனைக் கூப்பிடவே இல்லை. பெரியவரே ஒரு படம் எடுத்து, அவரே வைத்து, அது எப்படி வந்திருக்கிறது என்று கைப்போனில் அனுப்பியிருந்தார். அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்த்தோம். டிராக்டர் பாதிதான் விழுந்திருந்தது. பின்சக்கரமும் டிரெய்லரின் ஒரு மூலையும். மீதிப் படம் முழுக்க அவருடைய சைக்கிள், ஹாண்டிலில் டிபன் செட்டு தொங்க. "வேறே எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா மாமா?" என்று பையன் கேட்டான். அதற்குள் அவனே விசாரித்துவிட்டான். இரவுப் பையன் அதற்குச் சைக்கிள் பட்டன் என்று பெயர் வைத்துவிட்டானாம்; டிராக்டர் வந்தால் சைக்கிளை அமுக்குகிறானாம்; இதுவரை ஒரு சீட்டும் தப்பவில்லை.